அவருக்க பெட்டி

எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. ரயில் ஏற வேண்டுமென்றால் ஒன்று மேற்கே திருவனந்தபுரம் போக வேண்டும். இல்லாவிட்டால் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி, வெள்ளைக்காரச் சர்க்காரின் எல்லைக்குள் இருக்கும் ஓர் ஊருக்குப் போக வேண்டும். அந்த இரண்டாவது ஊரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. வீட்டிலும் இப்போது யாரும் அதைச் சொல்வதில்லை. ரயிலூர் என்கிறோம். எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது.

நான் நாகர்கோவிலில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள். கணவர் இறந்து வெகுகாலம் ஆகிறது. ஒரே மகன். கோட்டாறு கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் என் அண்ணன்தான் எங்களுக்கு ஆண் துணை.

நான் வேலைக்குச் சேர்ந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் எங்கள் பக்கத்தில் களவு இல்லாமல் இல்லை. விளையில் தேங்காய் வெட்டிக்கொண்டு போவார்கள். அறுத்துப் போட்ட கதிர்க்கட்டில் இரண்டு குறையும். கோழி போகும், வாழைக்குலை போகும், எப்போதாவது ஒரு குத்துவிளக்கும் போகும். ஆனால் யார் எடுத்தது என்பது பொழுது விடிவதற்குள் தெருவுக்கே தெரிந்திருக்கும். எங்கள் தெருவுக்கு வரும் போலீஸ்காரர் யார் வீட்டுக்குள்ளும் நுழைந்து நான் பார்த்ததில்லை. தெருமுக்கில் நின்றுகொண்டு பொதுவாக ஒரு சத்தம் கொடுப்பார்: "ஏலே, குலைய எங்க வச்சிருந்தாலும் சரி, பழுக்கதுக்கு முந்தி கொண்டு போட்டிரு. பொறவு என்னெக் கொண்டு நடக்க வைக்காதே." மறுநாள் காலையில் குலை உரியவர் வாசலில் கிடக்கும். இரண்டு சீப்பு குறைவாக இருக்கும். அந்த இரண்டு சீப்பைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

அதைப் பெரிய நியாயம் என்று நான் சொல்லவில்லை. அப்படிப் பேர் வாங்கிய வீட்டில் பிறந்துவிட்ட பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருந்தார்கள். சிலேட்டுக் குச்சி காணாமல் போனால் எல்லாக் கண்ணும் அவர்கள் பக்கம் திரும்பும். ஆனாலும் எங்கள் போலீஸ்காரருக்கு ஆளைத் தெரியும். ஆளின் அப்பனைத் தெரியும். அவன் எதை எடுப்பான், எதைத் தொடமாட்டான் என்பதுகூடத் தெரியும். ஆளைத் தெரியாத இடத்தில் போலீஸ் எப்படி வேலை செய்யும் என்பதை நான் யோசித்ததே இல்லை. யோசிக்க அவசியம் வந்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கணவாய்க்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் எங்களை மலையாளத்தார் என்பார்கள். திருவனந்தபுரத்தில் எங்களைப் பாண்டிகள் என்பார்கள். எங்கள் பேச்சு இரண்டு பக்கமும் சாய்ந்து கிடப்பது. மற்ற தமிழர்கள் என்னுடைய, உன்னுடைய, அவருடைய என்று சொல்லும் இடத்தில் நாங்கள் எனக்க, உனக்க, அவருக்க என்போம். எனக்க வீடு, உனக்க மாடு, அவருக்க குடை. படித்தவர் படிக்காதவர் என்றில்லை, அடுக்களைக்குள் எல்லோரும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் என் வேலையில் பாதி, அந்தக் 'க்க'வைப் பிள்ளைகளின் சிலேட்டிலிருந்து அழிப்பது.

என் மகன் பத்தாம் வகுப்பு முடித்து ரயில்வே குமாஸ்தா வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறியிருந்தான். மதுரைக்கு நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். ரயிலில் அவன் ஒருமுறைகூடப் போனதில்லை. ஆனால் எந்த வண்டி எந்த நிலையத்தில் எப்போது நிற்கும் என்று கேட்டால் மனப்பாடமாகச் சொல்லுவான். "நாஞ்சில் நாட்டுக்கு ரயில் வருகதுக்கு முந்தி உன் மகன் ரயிலுக்குள்ள போயிருவான் போலுக்கு" என்று அண்ணன் கேலி செய்வார். அந்த வேலைக்குக் கணக்கும் கையெழுத்தும் மட்டும் போதாது. நடத்தையில் ஒரு கறையும் இருக்கக் கூடாது என்று அவனிடம் முன்பே சொல்லியிருந்தார்கள். எனக்கு அதில் கவலையே இருக்கவில்லை. வேறு எல்லாவற்றிலும் கவலை இருந்தது. பெட்டியைக் கையிலிருந்து விடாதே, யார் எது கொடுத்தாலும் தின்னாதே, கதவோரம் நிற்காதே, கிணற்றுத் தண்ணீர் குடிக்காதே என்று பஸ் புறப்படுகிறவரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"எம்மா, நான் இந்தா இருக்க மதுரைக்குத்தான் போறேன். ரங்கோனுக்குப் போகல்ல" என்றான் அவன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

வேறொருவர் பெட்டியைப் பார்த்துக்கொள்ளாதே என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. யாருக்குத் தோன்றும்? எங்கள் ஊர் பஸ் நிற்கும் இடத்தில் பெட்டியை முன்பின் தெரியாதவரிடம் ஒப்படைத்துவிட்டு வெற்றிலை வாங்கப் போவார்கள். பார்த்துக்கொள்ளமாட்டேன் என்று சொல்கிறவனைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

ரயிலூர் நிலையத்தில் நடந்ததை அவன் பிறகு சொன்னபடி எழுதுகிறேன். நடைமேடையில் வண்டிக்காக உட்கார்ந்திருந்தான். கோட்டுப் போட்ட ஒருவர் தகரப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் வைத்தார். "தம்பி, இதைக் கொஞ்சம் பாத்துக்கிடுதியா? தண்ணி குடிச்சிட்டு இந்தா வந்திருதேன்" என்றார். "ஓ, போயிட்டு வாருங்க" என்றிருக்கிறான் இவன். எங்கள் பேச்சில் 'ஓ' என்றால் ஆமாம். அதோடு விடவில்லை. பொறுப்பாக அந்தப் பெட்டியைத் தன் பெட்டியோடு ஒட்டி வைத்து, மேலே கையையும் வைத்துக்கொண்டிருக்கிறான். சிறிது நேரத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். கூடவே ஒரு ஜவுளி வியாபாரி. அந்தப் பெட்டி வியாபாரியிடமிருந்து திருடப்பட்டது. பார்த்ததும் "இதுதான், இதுதான்" என்று கத்தினார்.

"யாரு பெட்டிலே இது?" என்று கேட்டார் ஒரு போலீஸ்காரர்.

"அவருக்க பெட்டி."

"எவருக்கு?"

"அந்தக் கோட்டுப் போட்ட ஆளுக்க."

"கோட்டுப் போட்ட ஆளுக்கா? அவனுக்காகத்தான் வச்சிருக்கியா?"

"ஓ. அவரு வந்தா குடுக்கணும்லா."

போலீஸ்காரர் மற்றவரைப் பார்த்துச் சிரித்தாராம். "பய சட்டுன்னு ஒத்துக்கிட்டான் பாத்தீரா?"

இவன் சொன்னது, பெட்டி அவருடையது என்று. அவர்கள் காதில் விழுந்தது, பெட்டி அவருக்குக் கொடுக்க வேண்டியது என்று. கோட்டுப் போட்டவர் தண்ணீர் குடிக்கப் போனவர்தான். இன்றுவரை வரவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் அண்ணன் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். கடை நேரத்தில் அவர் கடையை விட்டு வருகிறவர் அல்ல.

"ஏட்டி, செத்த வெளிய வா."

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல. நீ மொதல்ல வெள்ளம் குடி."

"ஒண்ணுமில்லன்னா எதுக்கு வெள்ளம்?"

"பயல அங்க பிடிச்சு வச்சிருக்கானுவ. பஸ் டிரைவர் வந்து சொன்னான்."

"உயிரோட இருக்கானா?" என்றுதான் நான் கேட்டேன். எனக்கு ரயில் சக்கரம் மட்டும்தான் கண்ணில் நின்றது.

"இருக்கான், இருக்கான். களவுக் கேசுன்னு சொல்லுகானுவ."

அந்த நிமிஷம் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. களவு என்பது எவ்வளவு பெரிய சொல் என்று பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. ஆரல்வாய்மொழிச் சுங்கச் சாவடியில் எல்லோரையும் இறக்கி, குறுமிளகு கடத்துகிறார்களா என்று பையைச் சோதித்தார்கள். அண்ணன் பையைக் கவிழ்த்துக் காட்டினார். "நல்லமொளகும் இல்ல, ஒண்ணும் இல்ல ஓய். வயித்துல தீ கெடக்கு, அதுக்குத் தீர்வை உண்டுமா?" என்றார். சாவடிச் சேவகர் சிரித்தார். எனக்கு அந்த இடத்தைக் கடப்பது அப்போது வேறு மாதிரி இருந்தது. இந்தப் பக்கம் மகாராஜாவின் சட்டம். எங்களை அறிந்தவர்கள் நாலு பேர் உண்டு. அந்தப் பக்கம் நாங்கள் யாருடைய பிரஜையும் இல்லை.

ரயில் நிலையத்தை ஒட்டிய போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு ஒருவர் உட்கார்ந்து பனங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். எங்களை உட்காரச் சொன்னார். முரட்டு மனிதர் அல்ல. இதையும் எழுதத்தான் வேண்டும்.

"அம்மா மலையாளமா?"

"தமிழ்தான். நாஞ்சில் நாடு."

"ரெண்டும் ஒண்ணுதான்."

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டும் ஒண்ணுன்னா எனக்க மருமோன் சொன்னது உமக்கு வெளங்கியிருக்கணுமே ஓய்."

"நீரு யாரு?"

"பயலுக்க மாமன்."

"பயலுக்கு மாமனா, பயலோட மாமனா?"

"அதுல மட்டும் ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் அண்ணன்.

ஏட்டு வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு நம்பிக்கை வந்தது. இந்த மனிதருக்கு விஷயம் புரிந்துவிட்டது, இப்போதே கதவைத் திறந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் கிழங்கின் நாரைக் கிழித்து ஓரமாகப் போட்டுவிட்டுச் சொன்னார்:

"எனக்கு வெளங்குது டீச்சரம்மா. வெளங்கி என்ன செய்ய? எழுதிக் கையெழுத்தும் வாங்கியாச்சு. எழுதினதை வாசிச்சுக் காட்டினோம். சரின்னுதான் சொன்னான்."

அவன் பயத்தில் எதையும் சரி என்றுதான் சொல்லியிருப்பான்.

"கோவப்படாம கேளுங்க" என்றார் ஏட்டு. "எங்க தாத்தா ஊருக்காவல் பாத்தவரு. அவருக்கு அவரு ஊருக் களவாணிய வாசம் வச்சே தெரியும். தண்டவாளம் போட்ட பொறவு களவாணிக்கு ஊரே கிடையாது. காலைல ஒரு ஊருல எடுப்பான், சாயந்திரம் இன்னொரு ஊருல விப்பான். இந்த பிளாட்பாரத்துல எனக்குத் தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணுகூடக் கிடையாது. அப்ப நான் எதைப் பாத்துப் பிடிக்க? ஆளோட தோரணையைப் பாத்துத்தான் பிடிக்கணும். ஒருத்தன் தூக்குவான், ஒருத்தன் வச்சிருப்பான், ஒருத்தன் வாங்கிட்டு வெளிய போவான். வச்சிருக்கிற பய எப்பவும் எளவட்டமா இருப்பான், வெளுத்த சட்டை போட்டிருப்பான், வெளியூர்க்காரனா இருப்பான். கேட்டா, அவருக்கும்பான், இவருக்கும்பான். உங்க பய அத்தனைக்கும் பொருந்தி வாரானே, நான் என்ன செய்யட்டும்?"

அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

மகனைப் பார்க்க விட்டார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் எழுந்து வந்தான். இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் விலக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். ரேகை எடுத்ததில் பத்து விரல் நுனியும் கறுப்பாக இருந்தது.

"மை போகமாட்டேங்கு அம்மா."

"தேய்க்காதே மக்கா. தன்னால போயிரும்."

"மதுரைக்கு இன்னைக்குப் போயிருக்கணும்லா. எனக்கு வரமுடியல்லன்னு அவங்ககிட்ட யாராவது சொல்லுவாங்களா?"

"சொல்லலாம் மக்கா."

அவன் அழவில்லை. மாமனைப் பார்த்து, "அந்த ஆளு வந்தாரா மாமா?" என்று கேட்டான். அப்போதும் பெட்டிக்காரர் திரும்பி வருவார் என்று காத்துக்கொண்டிருந்தான்.

ஜாமீன் வாங்குவதற்கு அந்த எல்லைக்குள் நிலம் உள்ள ஆள் வேண்டும் என்றார்கள். கோட்டாற்றுக் கடையும் விளையும் அங்கே செல்லாது. வக்கீல் ஒருவர் எப்படியோ ஆள் பிடித்துக் கொடுத்தார். மகன் வீட்டுக்கு வந்தான். மதுரைக்காரர்கள் வேறு பையனை எடுத்துக்கொண்டார்கள். அது போகட்டும் என்று இருந்தோம். வழக்கில் விடுதலையானால் அடுத்த வருஷம் எழுதலாம். தண்டனையானால் ரயில்வே மட்டுமில்லை, எந்தச் சர்க்கார் வாசலும் மிதிக்க முடியாது. அதற்கும் மேலே ஒன்று இருந்தது. பேர் போலீஸ் பார்வையில் ஏறிவிட்டால் அது இறங்காது என்று வக்கீலே சொன்னார்.

அந்த வக்கீலுக்கு எங்கள் வழக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. "நாலாம் வேற்றுமைக்கும் ஆறாம் வேற்றுமைக்கும் நடக்கிற வழக்கும்மா இது. நான் இதுவரைக்கும் வரப்புச் சண்டைதான் பாத்திருக்கேன்" என்று சந்தோஷப்பட்டார். நான் சாட்சிக் கூண்டில் ஏறி, எங்கள் ஊர்ப்பேச்சில் 'அவருக்க' என்றால் 'அவருடைய' என்று பொருள் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

"நான் ஏறிச் சொல்லுகேன். எனக்க வாயில இது தன்னால வரும்" என்றார் அண்ணன்.

"நீங்க ஏறினா மாஜிஸ்திரேட்டுக்கு ஒரு சொல்லும் பிடிபடாது அண்ணாச்சி. அம்மா தமிழ் சொல்லிக்கொடுக்கிறவங்க. படிச்சவங்க சொன்னாத்தான் எடுபடும்."

எனக்கும் அது சரியென்று பட்டது. பல நாள் ஒத்திகை பார்த்தேன். இலக்கணத்தை எப்படி எளிமையாகச் சொல்வது, எந்த உதாரணம் காட்டுவது என்று. வகுப்புக்குத் தயாராவது போலவே தயாரானேன்.

மாஜிஸ்திரேட் வடக்கேயிருந்து மாற்றலாகி வந்தவர். சளி பிடித்திருந்தது. நான் சொல்வதைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே வந்தார். நான் நன்றாகத்தான் சொன்னேன். ஒரு இடத்தில் அவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்து, "விசித்திரமாக இருக்கிறதே" என்றார். வக்கீல் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

பிறகு போலீஸ் தரப்பில் வழக்கு நடத்திய இன்ஸ்பெக்டர் எழுந்தார். மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"உங்கள் ஊரில் எல்லோரும் இப்படித்தான் பேசுவார்களா?"

"ஆம்."

"படித்தவர்களும்?"

"வீட்டில் பேசுவார்கள்."

"உங்கள் மகனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது யார்?"

"நான்தான்."

"அதோ கூண்டில் நிற்பவர் உங்களுக்கு என்ன வேண்டும்?"

"என்னுடைய மகன்."

"சரியாகக் காதில் விழவில்லை."

"அவன் என்னுடைய மகன்" என்று உரக்கச் சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் மாஜிஸ்திரேட் பக்கம் திரும்பினார். "தாயார் வாயில் அந்தச் சொல் வரவில்லை. தாயாரிடம் தமிழ் படித்த மகன் வாயில் மட்டும் வந்ததாம்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கோர்ட்டு என்றதும், மேஜை நாற்காலி, உயரத்தில் ஒருவர் என்றதும், என் வாய் தானாகவே பள்ளிக்கூடத்து வாயாகிவிட்டிருந்தது. பெரியவர் முன்னால் திருத்தமாகப் பேச வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி, எனக்கு வேறு பேச்சே அங்கே வரவில்லை. "இல்லை, எனக்க மோன், எனக்க மோன்" என்றேன். நாடகத்தில் ராஜா வேஷக்காரன் பிச்சைக்காரன் வேஷம் போட்டது போல அது வெளியே விழுந்தது. வாசலில் நின்ற சேவகன்கூடச் சிரித்துவிட்டான்.

பின்னாலிருந்து அண்ணன் எழுந்தார். "அவளெ விடும் ஓய்! எனக்க மருமோன் கள்ளன் இல்ல, கேட்டேரா! அவளுக்க வயித்துல பொறந்த பயலாக்கும். ஆருக்க பெட்டியையும் அவன் தொடமாட்டான்!"

வக்கீல் துள்ளி எழுந்தார். "கனம் கோர்ட்டார் கவனிக்க வேண்டும்! இதோ, ஒரே மூச்சில் மூன்று தடவை!"

"சாட்சி சொல்லாதவர் பேச்சு பதிவாகாது" என்றார் மாஜிஸ்திரேட். இன்ஸ்பெக்டர், "இவ்வளவு நேரம் உள்ளே உட்கார்ந்து விசாரணையைக் கேட்டவர். இப்போது எந்தச் சொல் வேண்டுமோ அதைச் சொல்கிறார்" என்றார். சேவகன் அண்ணனின் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோனான். படியிறங்கும்போதும் அவர் எனக்க, உனக்க என்றுதான் திட்டிக்கொண்டு போனார். அந்தச் சத்தம் ஜன்னல் வழியாக உள்ளே நன்றாகக் கேட்டது. யாரும் எழுதவில்லை.

திருட்டுச் சொத்தைத் தெரிந்தே வைத்திருந்தான் என்று தீர்ப்பாயிற்று. சிறு வயது, முதல் குற்றம், நல்ல குடும்பம் என்று காரணம் காட்டி, சிறைக்கு அனுப்பாமல் ஒரு வருஷக் கெடு வைத்து நன்னடத்தை ஜாமீனில் விட்டார்கள். மேல்கோர்ட்டுக்குப் போனால் தண்டனையே கூடினாலும் கூடும் என்று வக்கீல் தயங்கினார். அண்ணன் வேண்டாம் என்றுவிட்டார். மகன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவனைச் சீக்கிரம் கணவாய்க்கு இந்தப் பக்கம் கொண்டுவந்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் எனக்கு இருந்தது.

கணவாய்க்கு இந்தப் பக்கம் வந்தால் முடிந்துவிடும் என்று நினைத்தது தவறு. ஓடிவருகிற திருடனைப் பிடிக்கக் காகிதம் போய்வர மாதக்கணக்கில் ஆகும் என்பார்கள். எங்கள் காகிதம் எங்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டது போல இருந்தது. மறுவாரமே எங்கள் போலீஸ்காரர் வந்தார். முக்கில் நின்று சத்தம் கொடுத்த அதே ஆள். இப்போது வயதாகிவிட்டது. அவர் மகள் என்னிடம் படித்தவள். சீருடை இல்லாமல் வேட்டியும் துண்டுமாக, கையில் ஒரு கீரைக்கட்டோடு வந்தார்.

"டீச்சரே, தப்பா நெனைக்கப்பிடாது. வாரம் ஒருக்கா பயல நான் பாத்துக்கிடணும். மேலேருந்து சொல்லியிருக்கு."

"உமக்கு அவனைத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். எனக்க கண்ணு முன்னால வளந்த பயலாக்கும். ஆனா பாத்தேன்னு போய்ச் சொல்லணும்லா."

அவர் வருகிறவரை ஒரு மாதிரி ஓடியது. சந்தைக்குப் போகிற பாவனையில் வருவார். கிணற்றடியில் நிற்கும் மகனை ஓரக்கண்ணால் பார்ப்பார். என்னிடம் மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போவார். பக்கத்து வீட்டார் தெரிந்தும் தெரியாதது போல இருந்தார்கள். மகன் மாமன் கடையில் கணக்கு எழுதினான். வெளியூரில் இரவு தங்குவதென்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பதால், திருவட்டாற்றில் பெரியப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு அவன் வரவில்லை. காய்ச்சல் என்று சொன்னோம்.

ஜாமீன் கெடு முடிந்தது. நாங்கள் பாயசம் வைக்கவில்லை, ஆனாலும் அன்று நான் நன்றாகத் தூங்கினேன். அடுத்த வாரமும் ஆள் வந்தது. "கெடு முடிஞ்சா என்ன? நம்ம வீட்டு வழி அவனுவளுக்குப் பழகிப்போச்சு" என்றார் அண்ணன். பழையவருக்கு வேலை ஓய்வாகிவிட்டது. புதிதாக வந்தவர் மேற்கேயிருந்து வந்தவர், இளையவர், சீருடையில் வந்தார். தெருவில் நின்றுகொண்டே மகனின் பெயரைச் சொல்லி, அப்பன் பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கூப்பிட்டார். நாலு வீட்டுக் கதவு திறந்தது. குளித்துக்கொண்டிருந்த மகன் ஈரத் துண்டோடு போய் வாசலில் நின்றான்.

"உள்ளே வந்து இரியும்" என்றேன்.

"வேண்டாம் டீச்சரே. முகம் கண்டா மதி" என்றார். முகத்தைப் பார்த்தால் போதுமாம். இவருக்கு எங்கள் பேச்சு ஒரு சொல் பிசகாமல் விளங்கும். விளங்கி இப்போது ஆவதற்கு ஒன்றும் இல்லை.

அவர் போன பிறகும் மகன் துண்டிலிருந்து தண்ணீர் சொட்ட அங்கேயே நின்றான். "உள்ள வா மக்கா" என்றேன். "எல்லாரும் பாத்தாச்சா?" என்று கேட்டுவிட்டு வந்தான்.

பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. குச்சி காணாமல் போனால் இப்போது நான் யார் பக்கமும் பார்க்கமாட்டேன். அதில் யாருக்கும் பெரிய லாபம் இல்லை. வகுப்பு தானாகவே அந்த வீட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பிவிடுகிறது.

புதியவர் செவ்வாய்க்கிழமை காலையில்தான் வருவார். இரண்டு மூன்று வாரம் அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு நான் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் முன்கதவை விரியத் திறந்துவைத்துவிடுகிறேன். முன்னறையில் தெருவைப் பார்க்கிற ஜன்னலுக்கு நேரே நாற்காலியைப் போட்டு, "மக்கா, இங்கன வந்து இருந்து வாசி, வெளிச்சம் உண்டு" என்கிறேன். அவன் ஏன் என்று கேட்பதில்லை. பேப்பரை எடுத்துக்கொண்டு வந்து, முகம் தெருப்பக்கம் இருக்கும்படி உட்கார்ந்துகொள்கிறான். கூப்பிடுவதற்கு முன்னால் அவன் முகம் தெரிந்துவிட வேண்டும். கூப்பிடாமல் போய்விட்டால் அந்த வாரம் கழிந்தது.

போன செவ்வாயும் அப்படித்தான். போலீஸ்காரர் வந்தார், நின்றார், ஜன்னலைப் பார்த்தார். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். வேலையை ஒழுங்காகச் செய்கிற ஆளைப் பார்த்து மேலதிகாரி அசைக்கிற மாதிரி இருந்தது. நானும் தலையை அசைத்தேன்.